தொடாத காலுக்கு ஒரு ‘ம்’

பேருந்துப் பணிமனையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் விசில். விசில் என்பதும் வைத்த பெயர்தான். நடத்துநர் வேலைக்கு வந்த முதல் நாளே ஊதுகுழலை வாயில் வைத்தவன், சோறு தின்னும்போது மட்டும்தான் எடுப்பான் என்று கேலி செய்வார்கள். “அந்தக்கா நின்னு நான் பார்த்ததே இல்ல. நின்னா சாஞ்சிடும் போல” என்று அவன் ஒருநாள் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையிலேயே அவள் கால் தரையில் பாவாது. வட்டாரச் சுகாதார நிலையத்தில் களப்பணி. தோளில் ஒரு பை. அதற்குள் ரத்த அழுத்தக் கருவி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பொறி, இடுப்பை அளக்கும் நாடா, ஒரு பழைய துண்டு. துண்டு எதற்கென்றால், அளவெடுக்கும்போது கை ஒரு பக்கம் தொங்கக்கூடாது. இருதயத்தின் மட்டத்துக்குத் தாங்கி வைக்க வேண்டும். மேசை இல்லாத இடங்களில் அந்தத் துண்டைச் சுருட்டி மடியில் வைத்து அதன்மேல் கையை வைக்கச் சொல்வாள். அச்சுக்கூடம், சலவைக்கூடம், தையல் தொழிற்சாலை, வரிசையாக வாடகை வீடுகள் இருக்கும் சந்துகள் என்று எங்கும் போவாள். நோய் வந்தவரைப் பார்ப்பது டாக்டர் வேலை. நோய் வந்தது தெரியாமல் நடமாடுகிறவரைத் தேடிப் பிடிப்பது இவள் வேலை.

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையேம்மா” என்பார்கள்.

“அதுதாங்க சிக்கலே. வலிச்சிருந்தா நீங்களே எங்களைத் தேடி வந்திருப்பீங்க. நான் எதுக்கு இந்த வெயில்ல உங்களைத் துரத்தணும்?”

இந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஆளை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். மாடி ஏறி வந்த மூச்சிலும், மருமகளோடு சண்டை போட்ட சூட்டிலும் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும். அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இவளால்தான் முடியாது. முழங்கால் தானாக ஆடும். எழுந்து சன்னலைத் திறப்பாள், பையை அடுக்குவாள், யார் வீட்டுத் தம்ளரையோ கழுவி வைப்பாள். “நீ கொஞ்சம் உக்காரு தாயி. உன்னைப் பார்த்தே எனக்கு பிரஷர் ஏறுது” என்று சலவைக்கூடத்து அம்மா ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

இந்தத் தவிப்பு அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். இரும்பு உடம்பு என்று ஊரே சொன்ன உடம்பு. ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாவது பொத்தானில் கை நழுவி அப்படியே சரிந்தார். ஒரு பக்கம் போய்விட்டது. சில மாதங்களில் மறுபக்கமும் போய், ஆளும் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “இவருக்கு எத்தனை வருஷமா பிரஷர் இருக்கு?” அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் இவளைப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் நின்றிருந்த இவள் சுவரைப் பார்த்தாள். அப்பாவின் கையில் யாரும் ஒரு பட்டையைச் சுற்றிப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஆடத் தொடங்கிய முழங்கால்தான்.

அதற்குப் பிறகு குடும்பத்தைச் சுமந்தவர் அண்ணன். படிப்பை விட்டுவிட்டுப் பணிமனையில் வண்டி கழுவப் போனார். பிறகு நடத்துநர் ஆனார், பிறகு ஓட்டுநர். தங்கை போட்ட செருப்பிலிருந்து படித்த செவிலியர் உதவிப் படிப்பு வரை அவர் கைக்காசு. சக்கரத்தின் பின்னால் அவர் உட்கார்ந்தால் பயணிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று பெயர். அந்தப் பெயரைத் தவிர அவர் பெரிதாக எதையும் சேர்த்துவைக்கவில்லை.

பணிமனையில் வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனை முகாம் நடக்கும். அதை நடத்துவது பம்பரம். “வெறும் வயிற்றில் வரவும்” என்று தேதி போட்டுப் பத்து நாள் முன்பே நுழைவாயிலில் ஒட்டிவிடுவாள். முடிவுகளும் நன்றாகவே இருந்தன. தொப்பை சக்கரத்தில் இடிக்கும் ஓட்டுநர்களுக்குக்கூடச் சர்க்கரை எல்லைக்குள் நின்றது. “உன் பிரசாரம் பலிச்சிடுச்சும்மா” என்று டாக்டர் மெச்சிக்கொண்டார். இவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் தலைக்கனம். ஆனாலும் எங்கோ உறுத்தியது. ஓட்டுநர் இருக்கைகளுக்குப் பக்கத்தில் பெரிய பெரிய தண்ணீர்ப் பாட்டில்கள் பெருகிக்கொண்டிருந்தன. வழியில் கழிப்பறைக்காக வண்டி நிற்கிறது என்று பயணிகள் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வெளிவாசலில் அண்ணன் ரப்பர் செருப்போடு தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேலை முடிந்து, சரளைக்கல் பரப்பிய நடைபாதையில் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுப்படி ஏறும்போதுதான் இவள் கவனித்தாள். வலது காலில் செருப்பு இல்லை. அது குழாயடிச் சேற்றில் சிக்கி அங்கேயே கிடந்தது. அத்தனை கூரான கல்லிலும் வெறுங்காலோடு நடந்து வந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை.

“அண்ணே, ஒரு செருப்பு எங்க?”

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“வேணும்னுதான் விட்டேன். சேறா இருந்துச்சு” என்றார். குரலில் பிடிமானம் இல்லை.

இவள் நேரே அடுக்களைக்குப் போனாள். அண்ணி பாத்திரத்தைத் துலக்குவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணி, அண்ணனுக்கு எவ்வளவு நாளா இது?”

“எது?”

“நீங்க துலக்குற பாத்திரம் ஏற்கெனவே பளபளன்னு இருக்கு. சொல்லுங்க.”

அண்ணி குழாயை மூடினாள். “சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு. மூணு வருஷமா சுகர். வெளியூர்ல போய் பார்த்துட்டு வந்தாரு. மாத்திரை இருக்கு.”

“சாப்பிடுறாரா?”

“சாப்பிடுறாரு. நீ கேம்ப் தேதி ஒட்டுவல்ல, அன்னிலேர்ந்து சாப்பிடுவாரு. ராத்திரி பட்டினி. காலையில ஓட்டம். கேம்ப் முடிஞ்சதும் மாத்திரை அலமாரிக்குப் போயிடும்.” அண்ணி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “இவரு மட்டுமில்ல. உன் காகிதத்தைப் பார்த்தா பாதி டிப்போவே பட்டினிப் படைதான். பசங்க பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பாங்களே, அந்தக் கதை. பெயிலானா ஸ்டியரிங்லேர்ந்து இறக்கி வண்டி கழுவ விட்டுடுவாங்களாமே.”

பம்பரம் சுவரில் சாய்ந்தாள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்! நோயைப் பிடிக்கத் தான் விரித்த வலைக்குத் தானே நாள் நேரம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று அவள் எழுதியதை ஓட்டுநர்கள் ‘பத்து நாள் நல்ல பிள்ளையாக இருக்கவும்’ என்று வாசித்திருக்கிறார்கள்.

“இன்னொண்ணும் சொல்லிடுறேன்” என்றாள் அண்ணி. “போன மாசம் வலது கணுக்கால்ல பெரிய கொப்புளம். எஞ்சின் மூடி பட்டு வெந்திருக்கு. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டினப்பத்தான் பார்க்கிறாரு.”

வலது கால். பிரேக்கை மிதிக்கும் கால்.

அன்றிலிருந்து பம்பரம் சுற்றிய சுற்று வேறு. தெருவில் பேருந்து போனால் திரும்பிப் பார்ப்பாள், அண்ணன் ஓட்டுகிறாரா என்று. பள்ளி விடும் நேரத்தில் அவர் வண்டி போகும் வழியில் போய் நின்றாள். நின்று என்ன செய்ய? வண்டி வரும், போகும், அண்ணன் கையசைப்பார். வேலையில் தப்புகள் வந்தன. தையல் தொழிற்சாலையில் ஒருத்தியின் இடுப்பளவை இன்னொருத்திக்குச் சொல்லிவிட, அவள் சந்தோஷத்தில் குதித்துவிட்டாள்.

மேலாளரிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் பணிமனையின் விதி அவளுக்குத் தெரியும். தானாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டு இறங்கினால் மாற்று வேலை கிடைக்கும். மறைத்தது பிடிபட்டால் சீட்டுக் கிழியும். அண்ணனிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தாள். “உன் வேலையை உன் பையோட வச்சுக்க” என்று கதவைச் சாத்தினார்.

டாக்டரிடம் போனாள். பெயர் சொல்லாமல், பணிமனையில் நடக்கும் கூத்தை மட்டும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். “மூணு மாச சராசரியைக் காட்டுற டெஸ்ட் இருக்கு. அதுக்குப் பட்டினியும் வேண்டாம், தேதியும் வேண்டாம். பத்து நாள் நடிப்பு அதுகிட்ட எடுபடாது. சுகர் முத்தினா பாதத்துல உணர்ச்சி போயிடும், கூடவே அதையும் பார்த்துடுவோம்.” மேசை இழுப்பறையிலிருந்து கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழையை எடுத்துக் கொடுத்தார். அந்த இழையைப் பாதத்தில் லேசாக வளையும்வரை அழுத்த வேண்டும். கண்ணை மூடியிருப்பவர், தொட்டது தெரிந்தால் ‘ம்’ சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த முறை நுழைவாயிலில் காகிதம் ஒட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டரும் அவளும் ஓட்டுநர்களின் ஓய்வறையில் போய் இறங்கினார்கள். இரும்புக் கட்டில்கள், டீசல் வாசம், மூலையில் தேய்ந்த டயர். அறையில் ஒரே அமளி.

“என்னக்கா, சொல்லாம கொள்ளாம? இப்பத்தான் ரெண்டு டீ குடிச்சேன், சக்கரை தூக்கலா!” என்றான் விசில்.

“நல்லதா போச்சு. இன்னொண்ணு குடிச்சிட்டு வா.”

“பொண்ணு பார்க்க வர்றதுகூட சொல்லிட்டுத்தான் வருவாங்க” என்று ஒரு பருத்த ஓட்டுநர் முணுமுணுத்தார்.

“மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு பார்க்கணும்னா சொல்லாமத்தான் வரணும். உக்காருங்க.”

ஒரு மூலையில் டாக்டர் ரத்தம் எடுத்தார். இன்னொரு மூலையில் இவள் பாதம் பார்த்தாள். அண்ணன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நழுவினார்.

“வண்டி எடுக்கணும். டைம் ஆச்சு.”

“அண்ணே, உன் வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. விசில் இங்கதான நிக்கிறான்? அவன் இல்லாம வண்டி போயிடுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் போக முடியாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டரிடம் விரலை நீட்டியாயிற்று. அடுத்து இவளிடம் காலை நீட்டினார். சாக்ஸைக் கழற்றியதும் கணுக்காலில் ஆறிய தழும்பு தெரிந்தது. இவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

“கண்ணை மூடிக்க. தொட்டா ‘ம்’ சொல்லு.”

பெருவிரலில் தொட்டாள். “ம்” என்றார். விரல் அடியில் தொட்டாள். “ம்.” நடுப்பாதம். “ம்.” ஒவ்வொன்றும் சரியாக வந்தது. இவளுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் செருப்பை வேண்டுமென்றேதான் விட்டாரோ? வீணாகத்தான் பயந்தேனோ? குதிகால். “ம்.”

ஆனால் வருடக்கணக்காக அளவெடுத்த கை அது. ஏதோ சரியில்லை என்று அதற்குத் தோன்றியது. அந்த ‘ம்’ தொட்ட நொடியில் வரவில்லை. ஒரு தாளத்தில் வந்தது. இவள் தன் பதற்றத்தில் ஒரே சீராகத் தொட்டுக்கொண்டே போக, அண்ணன் அந்தச் சீரைப் பிடித்துக்கொண்டு இடைவெளி பார்த்து ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தார். வண்டியோட்டி அல்லவா, வேகத்தை அளக்கத் தெரியாதா?

பம்பரம் கையை நிறுத்தினாள். இழையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ம்” என்றார் அண்ணன்.

அவள் அசையவில்லை.

“ம்.”

பின்னால் நின்ற விசிலின் வாயிலிருந்து ஊதுகுழல் நழுவிக் கயிற்றில் தொங்கியது. மூடிய கண்களோடு, யாரும் தொடாத காலுக்கு, அண்ணன் மூன்றாவது முறையும் “ம்” என்றார்.

பிறகு கண்ணைத் திறந்தார். “முடிஞ்சுதா? பாஸா?”

இவள் மடியில் கிடந்த இழையை அவர் பார்த்தார். சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். சாக்ஸை மாட்டினார், ஷூவை மாட்டினார். கால் உள்ளே சரியாகப் போயிற்றா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். எழுந்து வெளியே போனார்.

“அக்கா, வண்டி எடுக்கப் போறாரு!” என்றான் விசில். “மேனேஜர்கிட்ட ஓடவா?”

“நீ ஓடாத. அவர் பிடிச்சா வேலை போயிடும். அண்ணன் தானா இறங்கணும்.”

அவள் ஓடினாள். பணிமனையை ஒட்டிய நிலையத்தில் வண்டி பயணிகளோடு உறுமிக்கொண்டு நின்றது. முன்கதவு திறந்திருந்தது. பம்பரம் அதன் படியில் உட்கார்ந்தாள். காலைத் தரையில் ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு மூடாமல் வண்டி நகராது.

“எழுந்திரு” என்றார் அண்ணன், மேலேயிருந்து.

“மாட்டேன்.”

“இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்காதடி. எழுந்திரு.”

“இத்தனை பேர் இருக்கிறதாலதான் உக்காந்திருக்கேன்.”

உள்ளேயிருந்து ஒரு குரல்: “குடும்பச் சண்டையை வீட்ல வச்சுக்கக் கூடாதா? ஆபீசுக்கு நேரமாகுது!” பின்னாலேயே வந்துவிட்ட விசில் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான்: “அண்ணாச்சி, ரேடியேட்டர்ல சின்னக் கோளாறு. சூடா இருக்கு, கிட்ட வராதீங்க.”

அண்ணன் தணிந்த குரலில் பேசினார். “இங்க பாரு. முப்பது வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா? கால் கொஞ்சம் மரத்திருக்கு, அவ்வளவுதான். நான் ஜாக்கிரதையாத்தான் ஓட்டுறேன். பிரேக் மேல கால் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் மிதிக்கிறேன்.”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “கண்ணு காலைப் பார்த்தா, ரோட்டை யாருண்ணே பார்க்கிறது?”

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு முன்னிருக்கையில் இருந்த ஒரு பெண் என்ன நடக்கிறதென்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் கண்ணாடியில் அந்தக் குழந்தையைப் பார்த்தாரோ என்னவோ. சக்கரத்தைப் பிடித்த கை மெல்லத் தளர்ந்தது. சாவியைத் திருப்பினார். திடீரென்று வந்த அமைதியில் பம்பரத்துக்குக் காது அடைத்தது.

அவர் ஓட்டுநர் பக்கக் கதவு வழியாக இறங்கினார். இவள் இருந்த பக்கம் வரவில்லை. நேரே ஓய்வறைக்கு, டாக்டரிடம் போனார்.

மூன்று மாதக் கணக்கு டாக்டரையே உதட்டைப் பிதுக்க வைத்தது. அண்ணன் தானே ஒப்புக்கொண்டதால் வேலை தப்பியது. புறப்பாட்டு நேரம் அறிவிக்கும் கூண்டில் உட்கார்த்தினார்கள். மாத்திரை இப்போது நாள்தோறும். பாதத்தை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுவாள். தங்கையோடு மட்டும் பேச்சில்லை. இவள் போனால் அவர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

பணிமனையிலும் வசைதான். “சொந்த அண்ணன் பிழைப்புலயே மண்ணைப் போட்டவ” என்றார் பருத்த ஓட்டுநர். பம்பரம் என்ற பெயர் மாறிச் சிலகாலம் சாட்டை என்று ஓடியது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே மேலாளர் அறைக்கு நடையாய் நடந்தாள். சர்க்கரை இருப்பது தெரிந்தவுடன் இறக்கிவிடுவது என்ற வழக்கம் இருக்கும்வரை ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்; ஆரம்பத்திலேயே பிடித்து மருந்து கொடுத்தால் இறக்கவே வேண்டியிருக்காது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“எனக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும்மா” என்றார் மேலாளர்.

“எனக்கும் அதேதான் சார் வேணும். ஓட்டுற ஆளு முழுசா வேணும்.”

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். டாக்டரும் வந்து பேசியபிறகு அம்மி நகர்ந்தது. சிகிச்சையில் இருக்கிறவரை, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னால், யாரையும் இறக்குவதில்லை என்று எழுத்தில் வந்தது.

அடுத்த முகாமுக்கு ஓய்வறையில் கூட்டம் வந்தது. பயந்துகொண்டே வந்தார்கள், வந்தார்கள் என்பதுதான் கணக்கு. பருத்த ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடினார். பம்பரம் இழையை எடுத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கூண்டுக்குள் இருக்க வேண்டிய அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

“யோவ், தாளம் பிடிச்சு ‘ம்’ போடாத” என்றார் பருத்த ஓட்டுநரிடம். “அவ நடுவுல கையை நிறுத்திடுவா. நான் மாட்டின இடம் அது.”

அறை வெடித்துச் சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. தலை குனிந்து வேலையை முடித்தாள். கட்டில் காலியானதும் அண்ணன் வந்து அதில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார், காலை நீட்டினார், கண்ணை மூடினார்.

பெருவிரலில் தொட்டாள். பேச்சில்லை. விரல் அடியில் அழுத்தினாள். பேச்சில்லை.

“தொட்டியா?” என்று கேட்டார்.

“தொட்டேன்.”

“தெரியல.”

நடுப்பாதம். தெரியல. ஓரம். தெரியல. குதிகாலுக்கு மேலே கொண்டுபோனாள். நெடுநேரம் கழித்து, சந்தேகத்தோடு, “அங்க... அங்க என்னமோ இருக்கு” என்றார்.

இருந்தது. அங்கே அவள் தொட்டிருந்தாள். பார்வை கலங்கி இழை இரண்டாகத் தெரிந்தது.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. “முழங்காலை ஆட்டாதடி” என்றார். “கட்டிலே ஆடுது. அது எனக்கு நல்லாத் தெரியுது.”